மேப்பிள் அடுப்புக்குப் புகைபோக்கி: 6 அங்குலத்தில் பட்ட பாடு

மார்ச் மாதம் இரண்டாவது வாரம். பகலில் 5 பாகை செல்சியஸ், இரவில் கழித்தல் 4. மேப்பிள் மரத்தில் சாறு ஓடுவதற்கு இதைவிட நல்ல காலநிலை கிடைக்காது. 60 வாளிகளும் வழிந்துகொண்டிருந்தன. கொட்டிலுக்குள் 280 லீற்றர் சாறு, பாகாகக் காய்ச்சுவதற்குக் காத்திருந்தது. நானும் மனைவியும் அடுப்புக்கு முன்னால் கண்ணீர் வடிய நின்றோம். கதவைத் திறந்தால் புகை முகத்தில் அடித்தது, மூடினால் நெருப்பு மங்கியது. காலை 8 மணிக்கு மூட்டிய அடுப்பில் இரவு 8 மணிக்கும் சாற்றுத் தட்டு சோம்பலாகத்தான் கொதித்துக்கொண்டிருந்தது. கணக்குப் பார்த்தால் மணிக்கு 23 லீற்றர்கூட ஆவியாகவில்லை. இந்தச் சாறு பாலைப் போன்றது. வெளியே வெயில் ஏறினால் இரண்டு நாளில் மங்கிப் புளித்துவிடும். அன்றிரவு 60 லீற்றரைக் கீழே ஊற்றினோம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது.

நாங்கள் இருப்பது கனடாவின் ஒன்ராறியோவில், பீற்றர்பரோவுக்கு வடக்கே. வாங்கிய காணியில் சீனி மேப்பிள் மரங்கள் நிறைய நின்றன. முதல் வருடம் சமையலறைப் பாத்திரத்தில் கொஞ்சம் காய்ச்சிப் பார்த்தோம், ஆசை பிடித்துக்கொண்டது. அடுத்த வருடம் 2 அடி அகலம் 4 அடி நீளத் தட்டுள்ள பழைய அடுப்பு ஒன்றை வாங்கினோம். அடுப்பு நல்ல அடுப்பு, தட்டிலும் குறை இல்லை. அதற்கு நான் வைத்த புகைபோக்கிதான் பிழை.

ஊரில் சாறு காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் அம்மம்மா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் கருப்பநீர், அதாவது பதநீர், காய்ச்சிப் பனங்கட்டி செய்வார். மூன்று கல் அடுப்பு, பெரிய தாச்சி, பனை மட்டை விறகு, அவ்வளவுதான். புகைபோக்கி என்ற ஒன்றே கிடையாது. அதனால் இங்கேயும் அதைப் பெரிய விஷயமாக நான் எண்ணவில்லை. ஆனால் பனஞ்சாற்றில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் சீனி இருக்கும். மேப்பிள் சாற்றில் இருப்பது வெறும் 2 வீதம் அளவுதான். இங்குள்ளவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: 86ஐச் சாற்றின் சீனி வீதத்தால் வகுத்தால், ஒரு பங்கு பாகுக்கு எத்தனை பங்கு சாறு வேண்டும் என்று தெரியும். 2 வீதம் என்றால் 43 பங்கு. 42 பங்கு தண்ணீரை ஆவியாக்கித் துரத்தினால்தான் ஒரு பங்கு பாகு கிடைக்கும். திறந்த நெருப்பில் அது நடக்காது என்றில்லை. இந்த நிலத்தின் முதற்குடிகளான அனிஷினாபே மக்கள் காலங்காலமாகக் காட்டுக்குள் திறந்த நெருப்பில்தான் காய்ச்சினார்கள். ஆனால் அதற்கு நிறைய விறகும், இரவு பகலாக நிற்க ஆட்களும் வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு பேர்தான்.

அடுப்பின் அமைப்பைச் சொல்லாமல் புகைபோக்கியைப் பற்றிப் பேச முடியாது. நீளமான இரும்புப் பெட்டி ஒன்று. முன்பக்கம் நெருப்பறை, அதன் அடியில் இரும்புக் கிராதி, அதற்குக் கீழே சாம்பல் அறை. நெருப்பறைக்குப் பின்னால் தளம் சரிவாக மேலேறி, தட்டின் அடிக்குக் கிட்டப் போய்ப் பின்பக்கம் வரை நீளும். பெட்டியின் பின் முனையில் புகைபோக்கி. மேலே இரண்டு தட்டுகள். முன்னால் இருப்பது தட்டையானது, பாகு பதமாவது அதில்தான். பின்னால் இருப்பதன் அடிப்பக்கம் ஆழமான மடிப்புகளாகக் கீழே இறங்கும். நெருப்பும் சூடான வாயுவும் அந்த மடிப்புகளுக்கு இடையே ஊர்ந்து பின்னால் போகும்போது சாறு நாலா பக்கமும் சூடு வாங்கும். அதாவது, இந்த அடுப்பில் நெருப்பு மேலே எழுவதில்லை, படுத்துக்கொண்டு 4 அடி தூரம் பின்னால் ஓட வேண்டும். அதை அப்படி ஓட வைப்பது புகைபோக்கி மட்டுமே.

நான் செய்தது இது. அடுப்பின் பின்பக்க வாய் 8 அங்குலம். கடையில் 6 அங்குலக் குழாய் விலை குறைவாக இருந்தது, எல்லாக் கடையிலும் கிடைத்தது. 8இலிருந்து 6ஆகக் குறுக்கும் துண்டு ஒன்றையும் சேர்த்து வாங்கினேன். கூரையில் ஓட்டை போட மனம் வரவில்லை. குழாயை 2 அடி மேலே எடுத்து, வளைத்து, சுவர் வழியாக 3 அடி கிடையாக வெளியே கொண்டுபோய், மறுபடி வளைத்து 7 அடி மேலே ஏற்றினேன். உச்சியில் மழைக்கு ஒரு மூடி. பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது.

மனைவியின் தம்பி ஸ்காபரோவில் வீடுகளுக்குச் சூடாக்கி பூட்டும் வேலை செய்பவன். அடுத்த சனிக்கிழமை வந்தான். அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். ஒரு தாளைக் கொளுத்திச் சாம்பல் அறை வாசலில் பிடித்தான். சுவாலை உள்ளே சாயவில்லை, நேராகவே நின்றது.

"அத்தான், புகை வெளிய போகவெண்டு நினைச்சு இதை வைச்சிருக்கிறியள். குழாய் காத்தை இழுக்கிறதுக்கு. நெருப்புக்குச் சாப்பாடு குடுக்கிறதே இதுதான்."

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அவன் ஒரு தாளில் எழுதிக் காட்டிய கணக்கை இன்னும் வைத்திருக்கிறேன். 0 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 1.29 கிலோ. அதே காற்று 400 பாகையில் 0.52 கிலோதான். குழாய்க்குள் நிற்பது இலேசான காற்று, வெளியே நிற்பது கனமான காற்று. அந்த எடை வித்தியாசம்தான் இழுவை. குழாய் எவ்வளவு உயரமோ, உள்ளே எவ்வளவு சூடோ அவ்வளவுக்கு இழுவை கூடும்.

சரி, அகலம் எங்கே வருகிறது? ஒரு கிலோ உலர்ந்த விறகு எரிய 4, 5 கன மீற்றர் காற்றாவது வேண்டும். நடைமுறையில் அதைப்போல இரண்டு மடங்கு உள்ளே போகும். எங்கள் அடுப்பு ஒழுங்காக எரிந்தால் மணிக்கு 15 கிலோ விறகு தின்னும். அத்தனை காற்றும் உள்ளே போய்ச் சூடாகி 400 பாகையில் இரண்டரை மடங்கு பருத்து வெளியே வர வேண்டும். 6 அங்குலக் குழாயின் வாய்ப் பரப்பு 28 சதுர அங்குலம். 8 அங்குலக் குழாயின் பரப்பு 50. விட்டத்தில் 2 அங்குலம்தான் வித்தியாசம், ஆனால் வழி ஏறத்தாழ 1.8 மடங்கு பெரிது. ஒடுக்கமான குழாயில் அதே வாயு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். உராய்வோ வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், அதாவது மூன்று மடங்குக்கு மேல். அதற்கு மேல் இரண்டு வளைவுகள், ஒரு மூடி. இருந்த இழுவை முழுவதும் குழாயோடு மல்லுக்கட்டுவதிலேயே செலவாகிப் போனது, நெருப்புக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

விறகு ஈரமோ என்று நான் இரண்டு வாரம் விறகையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அது இரண்டு வருடம் காய்ந்த விறகு.

அந்த வருடம் கோடையில் எல்லாவற்றையும் கழற்றினோம். கூரையில் ஓட்டை போட்டோம். பின்பக்க வாயின் அதே 8 அங்குலத்தில், எங்கும் குறுக்காமல், எங்கும் வளைக்காமல், நேராக 12 அடி மேலே போனோம்.

உயரத்துக்கு இங்கே பழைய ஆட்கள் ஒரு அளவு சொல்வார்கள்: தட்டின் நீளத்தைப்போல இரண்டு மடங்காவது குழாய் இருக்க வேண்டும். எங்களுக்கு அது 8 அடி. ஆனால் கூரை வேறு ஒரு அளவைக் கேட்கிறது. கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரமும், 10 அடிக்குள் இருக்கும் எந்தக் கூரைப் பகுதியையும்விட 2 அடி உயரமும் குழாய் உச்சிக்கு வேண்டும். இது தீப்பொறிக்காக மட்டும் சொன்னதல்ல. கூரை முகட்டுக்குக் கீழே உச்சி நின்றால் முகட்டைத் தாண்டிப் புரளும் காற்று புகையைக் குழாய்க்குள்ளேயே திருப்பித் தள்ளும். எங்கள் கொட்டிலின் முகடு தரையிலிருந்து 12 அடி, அடுப்பு 3 அடி. அதனால்தான் 12 அடிக் குழாய்.

அகலத்துக்கு என் அனுபவத்திலும், அக்கம்பக்கத்துக் கொட்டில்களில் பார்த்ததிலும் பொதுவாகக் காண்பது இது: 2 அடிக்கு 3 அடித் தட்டுக்கு 6 அல்லது 7 அங்குலம், 2க்கு 4க்கு 8, 2க்கு 6க்கு 8இலிருந்து 10, 3க்கு 8க்கு 12. ஆனால் நான் இந்த அளவுகளை மனப்பாடம் பண்ணச் சொல்ல மாட்டேன். உங்கள் அடுப்பின் பின்பக்க வாயை அளந்து பாருங்கள். செய்தவர் அந்த வாயை ஒரு கணக்கோடுதான் வைத்திருப்பார். அதைவிடச் சிறிய குழாயை எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். நீங்களே எண்ணெய்த் தாங்கியிலோ பழைய கணப்பு அடுப்பிலோ செய்வதானால், 6க்கும் 8க்கும் நடுவே தயக்கம் வந்தால் 8க்குப் போங்கள். பெரிய குழாயில் ஒரு தகடு வைத்து இழுவையைக் குறைக்கலாம். சிறிய குழாயை இழுத்துப் பெரிதாக்க வழியில்லை.

அதற்காக 12 அங்குலக் குழாயைச் சின்ன அடுப்பில் வைக்கவும் கூடாது. அகலம் அளவுக்கு மிஞ்சினால் வாயு மெதுவாக ஏறும், ஏறும்போதே குளிர்ந்துவிடும், காலையில் மூட்டும்போது இழுவை பிடிக்கவே நேரம் எடுக்கும், உள்ளே தார்போலக் கரி படியும்.

8 அங்குலத்தில் முதல் நாள் மூட்டியதைச் சொல்ல வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் அடுப்புக்குள் காற்று இரையும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் புகை வெளியே வரவில்லை, கொட்டிலின் காற்று என் கையைத் தாண்டி உள்ளே ஓடியது. பின் தட்டு முழுக்கக் குமிழ் பொங்கி எழுந்தது. மனைவி மணிக்கூட்டைப் பார்த்துக் கரியால் சுவரில் எழுதிக்கொண்டே வந்தாள். மணிக்கு 44 லீற்றர். அதே அடுப்பு, அதே தட்டு, அதே விறகு.

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். இவ்வளவு உயரத்துக்கு இவ்வளவு என்றால் இன்னும் உயர்த்தினால் என்ன என்ற எண்ணம் வந்தது. மூன்றாவது வருடம் இன்னும் 6 அடி சேர்த்து 18 அடியாக்கினேன். நெருப்பு விமானம்போல இரைந்தது. விறகு உள்ளே போட்ட கையோடு தீர்ந்தது. ஆனால் மணிக்கு 45 லீற்றரைத் தாண்டவில்லை. முன் தட்டு முன்பைவிட மெதுவாகக் கொதித்தது, பின் தட்டின் கடைசி மூலைதான் பொங்கியது. இருட்டியதும் பார்த்தேன், குழாயின் அடிப்பகுதி மங்கிய சிவப்பாகத் தெரிந்தது. உள்ளே செருகும் வெப்பமானி 560 பாகை காட்டியது. நெருப்பு தட்டுக்குக் கீழே நிற்காமல் குழாய்க்குள் போய் எரிந்துகொண்டிருந்தது. நான் வெட்டிப் பிளந்து காயவைத்த விறகு வானத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு கார்டு விறகு, அதாவது 4க்கு 4க்கு 8 அடி அடுக்கு, ஏறத்தாழ 25 கலன் பாகுக்குப் போதும் என்பார்கள். அந்த வருடம் நாங்கள் அதற்குக் கிட்டக்கூடப் போகவில்லை.

பக்கத்துப் பண்ணைப் பெரியவர் ஐம்பது வருடமாகக் காய்ச்சுபவர். அவர் குழாயைப் பார்க்கவேயில்லை. பின் தட்டைத் தூக்கச் சொல்லி உள்ளே டோர்ச் அடித்தார். தட்டின் மடிப்புகளின் அடிக்கும் அடுப்பின் சரிவுத் தளத்துக்கும் நடுவே 3 அங்குல இடைவெளி இருந்தது. வாயு மடிப்புகளுக்குள் நுழைய வேண்டிய தேவையே இல்லை, கீழால் நேராக ஓடிவிடலாம். தளத்தைத் தீச்செங்கல்லால் உயர்த்தி இடைவெளியை ஒன்றரை அங்குலமாக்கினோம். 4 அடிக் குழாயைக் கழற்றி 14 அடிக்கு வந்தோம். அடுப்பின் மேல் 2 அடி உயரத்தில் குழாய்க்குள், இழுவையைக் கூட்டிக் குறைக்கத் திருப்பும் தகடு ஒன்றைப் பூட்டினோம். அதற்குப் பிறகு வெப்பமானி 350க்கும் 420க்கும் இடையில் நின்றது, ஆவியாவது மணிக்கு 50 லீற்றரைத் தொட்டது, விறகு மூன்றில் ஒரு பங்கு மிச்சமானது. குழாயை மாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தால் இது எனக்குத் தட்டுப்பட்டிருக்காது. கிராதிக்குக் கீழ் வாசலிலிருந்து உச்சி வரை ஒரே வழி அது. அதில் எந்த இடம் ஒடுக்கமோ அந்த இடம்தான் அடுப்பின் அளவு. எந்த இடம் தேவைக்கு மேல் திறந்திருக்கிறதோ அந்த இடத்தால் சூடு நழுவும்.

காற்று வாசலும் அப்படித்தான். எங்கள் சாம்பல் அறைக் கதவு 4க்கு 6 அங்குலம், அதாவது 24 சதுர அங்குலம். மேலே 50 சதுர அங்குலக் குழாய் இழுக்க, கீழே பாதி வாசல். அதை 8க்கு 8 ஆக வெட்டி, சறுக்கித் திறக்கும் தகடு போட்டோம். சாம்பல் கிராதியை அடைத்தால் அதே கதைதான், அதனால் இரண்டு மணிக்கொருமுறை கிளறிவிட வேண்டும். பின் தட்டின் மடிப்புகளில் படியும் கரியை வாரத்துக்கு ஒருமுறை தூரிகையால் தட்டுகிறேன். கரி சூட்டையும் தடுக்கும், வழியையும் ஒடுக்கும்.

பலரும் கவனிக்காத ஒன்று கொட்டிலின் கதவு. நீராவி போகக் கூரை முகட்டில் திறப்பு வைத்திருப்போம். மணிக்கு 50 லீற்றர் தண்ணீர் ஆவியாக அந்த வழியால் மேலே போகும்போது கொட்டிலின் காற்றையும் கூட்டிக்கொண்டு போகும். குளிருக்காகக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் மூடி வைத்தால் அந்தத் திறப்பும் புகைபோக்கியும் இருக்கிற காற்றுக்காக ஒன்றோடொன்று போட்டி போடும். தோற்பது பெரும்பாலும் புகைபோக்கிதான், புகை உள்ளே திரும்பும். அடுப்புக்குக் கிட்டத் தாழ்வான ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். கார்பன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் சுவரில் மாட்டுங்கள். மணமும் நிறமும் இல்லாத வாயு அது. திருப்பும் தகட்டை நெருப்பு இருக்கும்போது முழுதாக மூடவே கூடாது.

குளிர்ந்த காலையில் குழாய்க்குள் கனமான காற்று அடைத்து நிற்கும். முதலிலேயே விறகை மூட்டினால் புகை பின்வாங்கும். குழாயின் அடியில் ஒரு சின்ன வாசல் வைத்திருக்கிறேன், அதில் இரண்டு தாள் பத்திரிகையைக் கசக்கிக் கொளுத்துவேன். காற்று மேல்நோக்கி ஓடத் தொடங்கியதும் முன்னால் மூட்டுவேன். ஒரு நிமிட வேலை.

குழாயின் தகடு பற்றி. முதலில் முழுதும் துத்தநாகம் பூசிய தகட்டில் போட்டேன். அடிப்பகுதியில் பூச்சு வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. துத்தநாகம் 419 பாகையில் உருகிவிடும், எங்கள் குழாயின் அடி அதற்கு மேலே போயிருந்தது. அந்தப் புகையை மூச்சில் எடுக்கக் கூடாது. இப்போது அடியிலுள்ள 4 அடி துருப்பிடிக்காத எஃகு, அதற்கு மேலேதான் பழையது. ஒவ்வொரு பொருத்திலும் மூன்று திருகாணி. மேல் துண்டின் ஒடுங்கிய வாய் கீழ்த் துண்டுக்குள் இறங்க வேண்டும், அப்போதுதான் கரி நீர் வெளியே வழியாமல் உள்ளேயே இறங்கும். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்குச் சுற்றிவர 18 அங்குலத்துக்குள் மரம் எதுவும் இருக்கக் கூடாது. கூரையில் அதற்கென்று விற்கும் உலோகக் கழுத்துப் பட்டை போட வேண்டும். கூரையைத் துளைப்பதற்கு முன் ஊர்த் தீயணைப்பு அலுவலகத்துக்கும் காப்புறுதிக்காரருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு. உச்சியைக் கம்பி போட்டு மூன்று பக்கமும் இழுத்துக் கட்டுங்கள், ஏப்ரல் காற்று சும்மா விடாது.

மழை மூடியை இப்போது கீலில் வைத்திருக்கிறேன். கீழே நின்று கம்பியை இழுத்தால் திறக்கும். காய்ச்சும்போது குழாய்க்கு மேலே ஒன்றும் இல்லை.

இந்த வருடம் ஏப்ரல் 9ஆம் திகதி கடைசிக் காய்ச்சல். மரங்களில் மொட்டுக் கட்டத் தொடங்கியிருந்தது. அதற்குப் பிறகு வரும் சாற்றில் ஒரு பச்சைக் கசப்பு இருக்கும். 240 லீற்றரை விடிகாலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு முடித்தோம். தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 பாகை மேலே வந்ததும் இறக்கினோம், சீனி அளக்கும் கருவி 66 வீதம் காட்டியது. அம்மம்மாவின் பனங்கட்டி வாசனைக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. மச்சான் தன் பங்குக்கு இரண்டு போத்தல் எடுத்துக்கொண்டு புறப்படும்போது திரும்பி நின்று, "அத்தான், சாம்பலை இண்டைக்கே அள்ளிப்போடுங்கோ" என்றான். மழைநீரும் சாம்பலும் சேர்ந்தால் அடுப்பின் அடித் தகட்டை ஒரே கோடையில் அரித்துவிடும். சாம்பலை அள்ளி, குழாயின் மேல் நான்கு துண்டுகளையும் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டு, கூரைக் கழுத்தின் மேல் ஒரு பழைய சாற்று வாளியைக் கவிழ்த்தேன்.